இந்தியாவின் ஆகப்பெரிய விளையாட்டு வீரர் யார்? பதக்கப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டுப் பேசலாம்

வட்டக்கோடு

ஆகஸ்ட் 29 வந்தால் தயான் சந்த், நவம்பர் 15 வந்தால் சச்சின், ஒலிம்பிக் நடக்கும்போது நீரஜ் என்று நாள்காட்டி பார்த்து ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். ஒரே இழையில் அடித்துத் துவைத்துவிடுவோம்.

நிபந்தனை இதுதான். தன் காலத்துப் போட்டியாளர்களைவிட அவர் எவ்வளவு தூரம் முன்னால் நின்றார், எதிரில் உண்மையாகவே மோதியவர்கள் எத்தனை பேர், எத்தனை வருடம் தாங்கினார் என்பதை எண்ணோடு சொல்லுங்கள். ஹிட்லர் ராணுவப் பதவி தர முன்வந்தார், ஹாக்கி மட்டையை உடைத்துக் காந்தம் தேடினார்கள் வகையறா தயான் சந்த் கதைகள் இங்கே வேண்டாம்.

அளவுகோலுக்கு ஓர் உதாரணம்: பிராட்மன். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6996 ரன், சராசரி 99.94. அவருக்கு அடுத்தபடியாக நீண்ட காலம் ஆடிய மகா மட்டையாளர்கள்கூட 60-ஐச் சுற்றித்தான் நிற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வி டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். நமக்கு அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா?

புல்தரை

இருக்கிறார். தயான் சந்த்.

1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ், 1936 பெர்லின். மூன்று ஒலிம்பிக்கையும் சேர்த்து இந்தியா ஆடியது 12 ஆட்டம். போட்ட கோல் 29 + 35 + 38, ஆக 102. வாங்கிய கோல் வெறும் 3. ஆம்ஸ்டர்டாமில் ஒன்றுகூட வாங்கவில்லை. அங்கே அடித்த 29-இல் 14 தயான் சந்தின் மட்டையிலிருந்து வந்தது.

அப்போதைய ஆட்டத்தையும் மனதில் வையுங்கள். ஆஃப்சைடு விதி இருந்தது. இன்று ஹாக்கியில் அது இல்லவே இல்லை. இப்போது போல ஒரு முன்கள வீரர் கோல் வாசலிலேயே காத்திருந்து பந்தைத் திருப்பிவிட முடியாது. புல்தரையில் பந்து குதிக்கும், திரும்பும். ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்ததே 1976 மாண்ட்ரியலில்தான். அந்தத் தரையில் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

ஸ்டாப்வாட்ச்

புல்தரை சார், 35 என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1932-இல் ஹாக்கிக்கு வந்த அணிகள் எத்தனை? மூன்று. இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அமெரிக்கா இரண்டு ஆட்டத்திலும் தோற்று வெண்கலம் வாங்கியது. அந்த அமெரிக்காவை 24-1 என்று அடித்ததை வைத்து ஒருவரை உலக மகா வீரர் என்றால், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அந்த ஆட்டத்திலேயே தயான் சந்துக்கு 8 கோல், தம்பி ரூப் சிங்குக்கு 10. தொடர் முழுவதும் பார்த்தால் அண்ணனுக்கு 12, தம்பிக்கு 13.

அதைவிடப் பெரிய ஓட்டை பிரிட்டன். 1908, 1920 இரண்டிலும் ஹாக்கித் தங்கம் அவர்களுடையது. 1928, 32, 36 மூன்றுக்கும் அவர்கள் வரவே இல்லை. இந்தியா அவர்களை ஒலிம்பிக்கில் சந்தித்தது 1948 லண்டன் இறுதியில். 4-0. அந்த அணியில் தயான் சந்த் இல்லை, பல்பீர் சிங் சீனியர் இருந்தார்.

நீங்கள் சொன்ன அளவுகோலையே பல்பீருக்கும் வைத்துப் பாருங்கள். 1952 ஹெல்சிங்கியில் இந்தியா ஆடியது மூன்று ஆட்டம்: ஆஸ்திரியா 4-0, பிரிட்டன் 3-1, நெதர்லாந்து 6-1. மொத்தம் 13 கோல். அதில் பல்பீர் அடித்தது 9. அரையிறுதியில் பிரிட்டனுக்கு எதிரான மூன்றுமே அவருடையது, இறுதியில் ஐந்து. ஒலிம்பிக் ஆண்கள் இறுதியில் ஒருவர் ஐந்து கோல் அடித்தது இன்றுவரை சாதனை. தயான் சந்தின் 14/29 என்பது 48 சதவீதம். பல்பீரின் 9/13 என்பது 69.

புல்தரை

மூன்று ஆட்டத்துக்குச் சதவீதம் போடுவது, மூன்று பந்து பார்த்துவிட்டு ஸ்டிரைக் ரேட் சொல்வது மாதிரி. போகட்டும், பல்பீரை மறந்துபோனது நாட்டின் குற்றம், அதில் உங்களோடுதான் நிற்கிறேன்.

ஆனால் 1936-ஐ 1932 கணக்கில் சேர்க்காதீர்கள். பெர்லினில் 11 அணிகள். பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி நம்மை 4-1 என்று தோற்கடித்தது. அவசரமாக இந்தியாவிலிருந்து தாரா என்ற வீரரை வரவழைத்தார்கள். மழையால் ஒரு நாள் தள்ளி, ஆகஸ்ட் 15 அன்று ஈரத் தரையில் இறுதி ஆட்டம். 8-1. தொடர் முழுவதும் இந்தியா வாங்கிய ஒரே கோல் அந்த ஆட்டத்தில்தான். சொந்த மண்ணில், நம்மை ஒரு தடவை வீழ்த்திய அணி அது. இலுப்பைப்பூ இல்லை.

சேப்பாக்கம் மாடம்

ஹாக்கி மக்கள் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். 24 வருடம் சர்வதேச ஆட்டம் ஆடிய ஒருவர் இருக்கிறார். 1989 நவம்பர் 15, கராச்சியில் ஆரம்பித்து 2013 நவம்பர் வான்கடேவில் முடிகிறது. 200 டெஸ்ட், 15,921 ரன், 51 சதம். ஒருநாள் 463, ரன் 18,426, சதம் 49. பதினாறு வயதில் வக்காரும் அக்ரமும் பந்து வீச, நாற்பது வயதில் வேறொரு தலைமுறை வீச, நடுவில் மெக்ராத், வார்னே, டொனால்ட், முரளி, ஸ்டெய்ன். எதிரில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டீர்களே, பதில் இது.

எண்ணில் தெரியாத ஒன்றும் உண்டு: ஆட்டத்தின் நடுவிலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும் திறமை. 1998 சேப்பாக்கம் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் வார்னேயிடம் 4 ரன்னில் அவுட். இரண்டாம் இன்னிங்ஸில் வார்னே ரவுண்ட் தி விக்கெட் வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே இருந்த கரடுமுரடில் பந்தைப் போட்டார். சாதாரணமாக மட்டையாளர் அங்கே காலை நீட்டிப் பேடால் தடுப்பார். சச்சின் அதே பந்தைச் சுழலோடு சேர்த்து மிட்விக்கெட்டுக்கு மேலே தூக்கினார். 155 நாட் அவுட்.

2004 சிட்னி இதற்கு நேர் எதிர். கவர் டிரைவில் தொடர்ந்து அவுட் ஆகிறோம் என்று அந்த ஷாட்டையே பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு 436 பந்து ஆடி 241 நாட் அவுட். தனக்கு மிகப் பிடித்த ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போருக்குப் போவது மாதிரி.

ஸ்டாப்வாட்ச்

சச்சின் மேல் கல்லெறிந்தால் இந்த இழை பூட்டப்படும் என்று தெரியும், இருந்தாலும். வட்டக்கோடு கேட்டது 'எவ்வளவு தூரம் முன்னால்'. டெஸ்ட் சராசரி: சச்சின் 53.78. லாரா 52.88, பாண்டிங் 51.85, காலிஸ் 55.37, அதோடு 292 விக்கெட். கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கிறார், சந்தேகமே இல்லை. கூட்டத்தைவிட்டுத் தனியாக நிற்கவில்லை. அவருடைய தனித்தன்மை நீளம். அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் அது வேறு விஷயம்.

அவர் காலத்தில் டெஸ்ட் ஆடிய நாடுகள் பத்து. ஓட்டப்பந்தயத்தில் இருநூறு.

தடகளன்

ஓட்டப்பந்தயம் என்று வந்துவிட்டதால்: மில்கா சிங். ரோமில் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருந்தால் தங்கம். அப்போது உலக சாதனையே அவர் கையில்தானே இருந்தது?

ஸ்டாப்வாட்ச்

இல்லை நண்பரே. 1960-இல் 400 மீட்டர் உலக சாதனை அமெரிக்காவின் லூ ஜோன்ஸ் 1956-இல் ஓடிய 45.2. ரோம் இறுதியில் ஓடிஸ் டேவிஸும் கார்ல் காஃப்மனும் 44.9. மூன்றாவது மால்கம் ஸ்பென்ஸ் 45.5, நான்காவது மில்கா 45.6. திரும்பிப் பார்த்தாரோ இல்லையோ, முதல் இருவருக்கும் அவருக்கும் இடையே 0.7 நொடி. 400 மீட்டரில் அது ஆறு மீட்டருக்கு மேல். வெண்கலம் கைநழுவியது என்றால் சரி, தங்கம் என்பது சினிமா.

ஒரு சின்ன நுணுக்கம்: 45.6 என்பது கைக்கடிகார நேரம், மின்கணக்கில் 45.73. 1998-இல் பரம்ஜித் சிங் 45.70 ஓடியதும் சாதனை முறிந்ததா இல்லையா என்று வந்த குழப்பத்துக்குக் காரணம் இதுதான். கைநேரத்தையும் மின்நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படித்தான் ஆகும். 400 மீட்டருக்குக் கைநேரத்தோடு 0.14 கூட்டித்தான் ஒப்பிடணும். இத்தனைக்கும் மில்கா ஓடியது கரித்தூள் பாதையில். அந்த நேரம் 38 வருடம் நின்றது என்பதே அவர் பெருமைக்குப் போதும்.

அடுத்த கேள்வி உஷா என்று தெரியும், சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். பெண்களுக்கு அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் வந்ததே அந்த வருடம்தான். உஷா 55.42, வெண்கலம் வாங்கிய ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு பங்கு நொடி. 400 மீட்டரை 55.42 நொடியில் ஓடுபவரின் சராசரி வேகம் நொடிக்கு 7.2 மீட்டர், ஆக, தோற்ற தூரம் ஏழு சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அகலம். இந்தப் போட்டியில் பத்துத் தடை, முதல் தடைக்கு 45 மீட்டர், இடையில் 35, கடைசித் தடையிலிருந்து கோட்டுக்கு 40. அந்தக் கடைசி 40-இல் கால் கனக்கும்போது நெஞ்சை முன்னால் தள்ளுவது பழக்கத்தில் வரவேண்டும். கணக்கில் சேர்வது உடல்பகுதி மட்டுமே, தலையும் கையும் இல்லை. அந்தப் போட்டி அவருக்குப் புதிது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

எதிர்வாதத்தையும் நானே வைக்கிறேன். சோவியத் அணி அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. அதே ஜூனில் பொனமர்யோவா 53.58 ஓடி உலக சாதனை வைத்திருந்தார். அவர்கள் வந்திருந்தால் வெண்கலத்துக்கே வழி இருந்திருக்காது. ஆசிய அளவில் உஷா தனிக்காட்டு ராணி: 1986 சியோலில் மட்டும் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அந்த 55.42-ஐத் தொட 39 வருடம் ஆனது, தொட்டவர் கோவைப் பெண் வித்யா ராமராஜ், 2023 ஹாங்ஜோவில். தாண்டவில்லை, சரியாக அதே 55.42.

குதிரைக்கட்டம்

எல்லோரும் ஓடிக் களைத்துவிட்டீர்கள், உட்கார்ந்து ஆடும் ஆளைப் பேசலாம். விஸ்வநாதன் ஆனந்த்.

'போட்டியாளர்களைவிட எத்தனை தூரம்' என்ற கேள்விக்கு அளவுகோல் கையிலேயே இருக்கும் ஆட்டம் சதுரங்கம்தான். ஈலோ புள்ளி அதற்காகவே உருவானது. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் 100 ஆட்டத்தில் 64 புள்ளி எடுப்பார், 200 என்றால் 76. ஆனந்தின் உச்சம் 2817, 2011 மார்ச். இதை வேறு காலத்து ஆட்டக்காரரோடு நேராக ஒப்பிடாதீர்கள், புள்ளிகள் காலப்போக்கில் ஊதிப்போகும். அந்தந்த மாதத்துப் பட்டியலில் இடம் என்ன என்று பாருங்கள். 2007 ஏப்ரலில் முதலிடம்.

உலகப் பட்டத்தை மூன்று வெவ்வேறு முறையில் வென்றார் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். 2000-இல் நாக்-அவுட், தெஹ்ரான் இறுதியில் ஷிரோவை 3.5-0.5. 2007 மெக்சிகோ சிட்டியில் எட்டுப் பேர் சுற்றுப்போட்டி, 14 ஆட்டத்தில் 9 புள்ளி, ஒரு தோல்வி இல்லை. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு நேருக்கு நேர், 6.5-4.5. நாக்-அவுட்டுக்கு நரம்பு வேண்டும், சுற்றுப்போட்டிக்குக் கீழ்ப்பட்டவர்களை அடிக்கும் திறமை வேண்டும், நேருக்கு நேர் ஆட்டத்துக்கு மாதக்கணக்கில் தயாரிப்பு வேண்டும்.

பானில் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்லணும். ஆனந்த் வாழ்நாள் முழுக்க ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை நகர்த்தித் தொடங்குபவர். கிராம்னிக் அதற்கு எதிராகச் சுவர் கட்டுவதில் உலகிலேயே கெட்டிக்காரர். ஆனந்த் அந்த மேட்சில் ராணிச் சிப்பாய்க்கு மாறினார். எதிராளி மாதக்கணக்கில் படித்த நோட்டில் பாதி குப்பைக்கு. கறுப்புக் காயில் மெரான் என்ற திறப்பு வரிசையில் பிஷப்பை பி7 கட்டத்தில் வைத்து, ஜி கட்ட வழியைத் திறந்து ராஜாவை நோக்கிப் பாயும் ஒரு புதுத் திட்டம். மூன்றாவது ஆட்டத்தில் அதை ஆடி வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் திரும்பவும் அதே வரிசை, திரும்பவும் வெற்றி. உலகப்பட்ட மேட்சில் கறுப்பில் ஒரு வெற்றியே அபூர்வம். ஒரே திறப்பில் இரண்டு! ஆறாவதையும் வென்றதும் மேட்ச் பாதியிலேயே முடிந்த மாதிரிதான். பன்னிரண்டு ஆட்ட மேட்ச், பதினொன்றில் முடிந்தது.

2010 சோஃபியா, எதிராளி டோபலோவின் சொந்த நாடு. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லை, பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியே போய்ச் சேர்ந்தார். கடைசி, பன்னிரண்டாவது ஆட்டத்தைக் கறுப்பில் வென்றுதான் பட்டத்தைத் தக்கவைத்தார்.

தடகளன்

வியர்க்காத ஆட்டம் விளையாட்டா?

குதிரைக்கட்டம்

10 மீட்டர் துப்பாக்கிச் சுடுதலில் எவ்வளவு வியர்க்கும்? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சதுரங்க அமைப்பை 1999-இல் அங்கீகரித்தாகிவிட்டது. ஆசியப் போட்டியில் 2006-லேயே வந்துவிட்டது. அரசு கேல் ரத்னா விருதை ஆரம்பித்ததும் முதன்முதலில் கொடுத்ததே ஆனந்துக்குத்தான். இதைவிட என்ன முத்திரை வேண்டும்?

பத்துப்புள்ளி

துப்பாக்கியை இழுத்துவிட்டதால் ஆஜர். 😄

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 4.5. பென்சிலால் வைத்த ஒரு புள்ளியைப் பத்து மீட்டர் தள்ளி நின்று தொடவேண்டும், இதயம் துடிக்கும் ஆட்டத்துக்கு நடுவில்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். தகுதிச்சுற்றில் பிந்த்ரா 596, நான்காவது இடம். ஃபின்லாந்தின் ஹேக்கினன் 598, சீனாவின் ஜூ சினான் 597. அன்றைய விதிப்படி தகுதிச்சுற்றுப் புள்ளி இறுதியில் கூட்டப்படும். ஆக இரண்டு புள்ளி பின்தங்கியே ஆரம்பம். இறுதியில் ஒன்பது குண்டு முடிந்தபோது பிந்த்ராவும் ஹேக்கினனும் சரியாக 689.7. கடைசிக் குண்டு: ஹேக்கினன் 9.7, பிந்த்ரா 10.8. ஓர் இறுதிக்குண்டின் உச்சபட்சமே 10.9. மொத்தம் 700.5. 2013-லிருந்து விதி மாறி இறுதியில் எல்லோரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். இப்போதைய பையன்களுக்கு அந்த இரண்டு புள்ளிப் பள்ளத்தின் ஆழம் புரியாது.

'ஒரு நாள் கூத்து' என்பவர்களுக்கு: 2006-லேயே உலக சாம்பியன்.

ஆனாலும் ஆகப்பெரியவர் என்றால் நான் நீரஜுக்குத்தான் வாக்களிப்பேன். 2021 டோக்கியோ 87.58, 2023 புடாபெஸ்ட் உலகப் பட்டம் 88.17, 2024 பாரிஸ் 89.45 வெள்ளி, 2025 தோஹா 90.23. ஈட்டி எறிதலில் ஐரோப்பாவுக்கு நூறு வருடப் பாரம்பரியம்.

புல்தரை

பாரிஸில் ஆறு வீச்சில் ஐந்து பவுல் என்பதையும் எழுதுங்கள்.

பத்துப்புள்ளி

எழுதலாமே. அதற்குக் காரணம் அவருடைய பாணி. இடது காலைக் கட்டையாக ஊன்றி, வீசியபின் உடம்போடு முன்னால் சாய்ந்து விழுவார். கோட்டுக்கும் ஊன்றும் காலுக்கும் நடுவே அந்த விழுகைக்கு இடம் வேண்டும். அதிகம் விட்டால் விட்ட தூரமெல்லாம் கணக்கில் நஷ்டம், ஏனென்றால் அளப்பது கோட்டிலிருந்து. குறைத்தால் பவுல். அதோடு அந்த வருடம் தொடை இடுக்கில் காயம், ஓடிவரும் வேகத்தில் நம்பிக்கை இல்லை. அப்படியிருந்தும் செல்லுபடியான ஒரே வீச்சில் 89.45. அன்று பாகிஸ்தானின் நதீம் 92.97 எறிந்தார், அதற்கு யாரிடமும் பதில் இல்லை. 2025 டோக்கியோ உலகப் போட்டியில் எட்டாவது இடம் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், யாராவது தேடிக்கொண்டு வருவதற்குள்.

எடைத்தராசு

இத்தனை பதிவில் மேரி கோம் பெயர் வரவில்லை. உலகப் பட்டம் ஆறு: 2002, 2005, 2006, 2008, 2010, 2018. முதலுக்கும் கடைசிக்கும் இடையே 16 வருடம். ஒலிம்பிக்கில் ஒரு வெண்கலம்தானே என்பவர்கள் அட்டவணையைப் பாருங்கள். பெண்கள் குத்துச்சண்டை 2012-இல்தான் ஒலிம்பிக்கில் நுழைந்தது, அதுவும் 51, 60, 75 கிலோ மூன்றே பிரிவு. அவர் பட்டம் வென்றதெல்லாம் 45, 46, 48 கிலோவில். தன்னைவிட உயரமும் கைநீளமும் கூடியவர்களோடு மோத எடை ஏற்றிக்கொண்டு போய் வாங்கிய வெண்கலம் அது.

தேவேந்திர ஜஜாரியா கதையும் இதுதான். பாரா ஈட்டி எறிதலில் 2004 ஏதென்ஸ் தங்கம் 62.15. அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் அவர் பிரிவே இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்து ரியோவில் 63.97, மறுபடியும் உலக சாதனையோடு தங்கம். டோக்கியோவில் 64.35 எறிந்து வெள்ளி. நாற்பது வயதிலும் தூரம் கூடிக்கொண்டே போனது. இதை விளக்க யாராவது முன்வாருங்கள்.

நம்ம சேலத்து மாரியப்பன், உயரம் தாண்டுதல்: ரியோ தங்கம், டோக்கியோ வெள்ளி, பாரிஸ் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம்.

சேப்பாக்கம் மாடம்

மேரி கோமை ஏற்கிறேன். ஆனால் 2002-இல் பெண்கள் குத்துச்சண்டையில் எத்தனை நாடு முழுமூச்சாக இறங்கியது? தயான் சந்துக்குக் கேட்ட கேள்வியை இங்கே கேட்கக் கூடாதா?

எடைத்தராசு

கேளுங்கள். அதனால்தான் 2018-ஐச் சேர்த்து எழுதினேன். ஒலிம்பிக்கில் சேர்ந்தபின் நாடுகள் பணம் கொட்டின, களம் ஆழமானது. அந்தக் களத்திலும் 35 வயதில் வென்றார். களம் ஆழமாவதற்கு முன்பும் பின்பும் வென்றவர் இந்தப் பட்டியலில் வேறு யார்?

வட்டக்கோடு

நல்ல கேள்வி. ஆனந்த் என்று சொல்லலாம். 1987-இல் உலக ஜூனியர் பட்டம், 88-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். அப்போது சோவியத் பள்ளியின் பிடி. கணினி இல்லை, சென்னை சோவியத் கலாச்சார மையத்தின் டால் கிளப்தான் பாடசாலை. பிறகு கணினி வந்து ஆட்டமே தலைகீழானது, அதிலும் 2012 வரை பட்டம். 2017-இல் 48 வயதில் உலக ரேபிட் பட்டம், பாதி வயதுப் பையன்களுக்கு நடுவில்.

இழை தொடங்கியபோது தயான் சந்துக்குக் கையெழுத்துப் போட வந்தேன். பிரிட்டன் வராத ஓட்டையை என்னால் அடைக்க முடியவில்லை. ஆனந்த் முதல், மேரி கோம் இரண்டு, தயான் சந்த் மூன்று. சச்சினுக்கு நான்கு கொடுத்ததற்குத் திட்ட வேண்டியவர்கள் வரிசையில் வரவும்.

சேப்பாக்கம் மாடம்

வரிசையில் முதல் ஆள் நான். கார்ல்சனிடம் 2013-இல் அதே சென்னையில் 6.5-3.5 என்று, ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றதை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

குதிரைக்கட்டம்

43 வயதில், 22 வயது முதல்நிலை ஆட்டக்காரரிடம் தோற்ற கணக்கில். அடுத்த வருடமே, சாம்பியனோடு மோதும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று மறுபடியும் அவர் எதிரில் போய் உட்கார்ந்தார், சோச்சியில் ஓர் ஆட்டம் ஜெயிக்கவும் செய்தார். சச்சினின் கடைசி இரண்டு வருட டெஸ்ட் எண்களை நான் எடுக்கட்டுமா, இல்லை இத்தோடு விட்டுவிடலாமா?

சேப்பாக்கம் மாடம்

விட்டுவிடலாம். கபில் தேவுக்கு ஒரு வரிகூட இல்லாமல் இழை இத்தனை தூரம் போனதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. 131 டெஸ்ட், 434 விக்கெட், 5248 ரன். வேகப்பந்து வீச்சாளரே இல்லாத நாட்டில், வேகத்துக்கு உதவாத தரையில். நாளைக்கு எழுதுகிறேன், ஸ்டாப்வாட்ச் சார் கல்லோடு தயாராக இருக்கவும்.